ஆகாசத்துக்கு ஒரு லக்கேஜ் டிக்கெட்டு

வா கண்ணு, வா. உன்ற அம்மா வெடியாலயே போன் போட்டுட்டா. "அப்பா, பையன் சைக்கிளை ஏரோப்பிளேன்ல ஏத்திக்கிட்டு லடாக் போறானாம், நீங்களாச்சும் ரெண்டு வார்த்தை புத்தி சொல்லுங்க"ன்னா. நானும் செரின்னுட்டேன். புத்தி சொல்றதுக்குக் காசா பணமா? அந்த அட்டைப் பொட்டியைத் திண்ணையில சாத்து. அம்மிச்சி மோர் கொண்டாருவா, குடிச்சுப் போட்டு வேலையை ஆரம்பி. அப்பிச்சி பொட்டாட்ட உக்காந்து பாத்துக்கிட்டிருப்பேன். பொட்டாட்ட உக்கார்ற ஆளு நானில்லைன்னு உனக்கும் தெரியும், இருந்தாலும் ஒரு பேச்சுக்குச் சொல்லி வெக்கறேன்.

முதல்ல எனக்கொரு சந்தேகம் தீத்து வெய்யி. நாப்பது வருசம் வாடகை சைக்கிள் கடை வெச்சிருந்தவன் நானு. சைக்கிள்ங்கறது மனுசனைச் சொமக்கறதுன்னுதான் என்ற புத்திக்கு எட்டியிருக்குது. நீ என்னடான்னா ஒன்னரை லட்சம் குடுத்து ஒண்ணை வாங்கி, அக்குவேறு ஆணிவேறாக் கழட்டி, பச்சைப் புள்ளையாட்டம் துணி சுத்தி, அதைய நீ சொமந்துக்கிட்டுப் போறே. அங்க போயாவது அது உன்னையச் சொமக்குமா? நம்ம ஆழியாத்துலருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு. போன வருசம் ஒன்பதாவது வளைவுல, டேம் தெரியற எடத்துல, "வியூ பாக்கறேன்"னு நீ ஒரு மணி நேரம் உக்காந்திருந்த சேதி இங்க பால் சொசைட்டி வரைக்கும் வந்துருச்சு. மூச்சு வாங்கறவனுக்கெல்லாம் வியூ நல்லாத்தான் தெரியும்.

கோவிச்சுக்காதே. போறது நல்லதுதான். ஆனா லே டவுன்லயே வாடகைக்குச் சைக்கிள் கெடைக்குதாமல்ல? என்ற தொழில்காரன் ஒருத்தன் அந்தப் பனிக்குள்ளயும் கடை போட்டிருக்கறான்னு கேட்டப்ப எனக்கு நெஞ்சே குளுந்து போச்சு. மூணு நாள், நாலு நாள் ஓட்டிப் பாக்கறவனுக்கு அதுவே போதும். உன்ற பின்பக்கத்துக்குப் பழகின சீட்டு ஒண்ணு, காலுக்குப் பழகின பெடல் ரெண்டு, இதைய மட்டும் பையில போட்டுக்கிட்டுப் போயி அங்கத்த சைக்கிள்ல மாட்டிக்கிட்டாப் பாதிச் சைக்கிள் உன்ற சைக்கிள் ஆயிரும். நீ பதினஞ்சு நாள் ஓட்டப் போறேங்கறே. அப்பச் சொந்தச் சைக்கிள் கணக்குக் கட்டும். வாடகைக் கடைக்காரன் வாயாலயே இதைய ஒத்துக்கறேன் பாரு, என்ற மனசு எவ்வளவு பெருசுன்னு நெனைச்சுக்க.

டிக்கெட்டு போட்டாச்சா? போடறதுக்கு முந்தி கேட்டியா? பொள்ளாச்சிச் சந்தையில மாட்டு யாவாரி துண்டுக்குள்ள கையை உட்டு வெரலைப் புடிச்சு வெலை பேசறதைச் சின்னதுல பாத்திருப்பே. வெளியில நிக்கறவனுக்கு ஒரு மண்ணும் வெளங்காது. ஏரோப்பிளேன் கம்பெனிக சைக்கிளுக்கு வெலை வெக்கறதும் அதே துண்டு யாவாரந்தான். ஒருத்தன் மொத்த எடையில சேத்துக்குவான். இன்னொருத்தன் வெளையாட்டுச் சாமான்னு தனித் தொகை வாங்குவான். ஒருத்தன் ரெண்டு நாளைக்கு முன்னாலயே சொல்லி வெக்கோணும்பான். இன்னொருத்தன் எடம் இருந்தா ஏத்தறேன்பான். சாதாரணப் பொட்டிக்கு நீளம், அகலம், ஒசரம் மூணும் கூட்டினா 158 சென்டிமீட்டர்னு பல கம்பெனிக ஒரு அளவு வெச்சிருக்குது. உன்ற அட்டைப் பொட்டிக்கு நீளமே 140 வந்துருச்சு. அப்ப நீ உள்ள போறதே சட்டத்துல இல்லை கண்ணு, சலுகையில. சலுகையில போறவன் கையில எழுத்து இருக்கோணும். போன்ல ஒரு புள்ளை "கொண்டாங்க சார், ஒண்ணும் பிரச்சினை இல்லை"ன்னு தேனாட்டம் பேசும். அந்தப் புள்ளை கவுண்டர்ல இருக்காது. மெயில்ல வாங்கி, பிரிண்டு போட்டு, மடிச்சு வெச்சுக்க.

இன்னொண்ணு. கோயமுத்தூர்லருந்து டில்லிக்கு ஒரு கம்பெனி, டில்லியிலருந்து லேவுக்கு இன்னொரு கம்பெனின்னு ரெண்டு டிக்கெட்டாப் போட்டு எரநூறு ரூவா மிச்சம் புடிக்காதே. நடுவுல பொட்டியை எறக்கி, தள்ளிக்கிட்டு ஓடி, புதுசா எடை போட்டு, புதுசாக் கெஞ்சோணும். ஒரே கம்பெனியில ஒரே டிக்கெட்டாப் போனா ஒரு கெஞ்சலோட முடிஞ்சுரும். சின்ன ஊருகளுக்குப் போற வெசிறி வெச்ச குட்டி ஏரோப்பிளேனா இருந்தா அதைய வேற தனியாக் கேட்டுக்க. சாமான் ஏத்தற கதவே ரவ்வோண்டு இருக்கும். ஆட்டுப்பட்டிப் படல்ல எருமையை ஓட்டற கதையாப் போயிரும்.

காசு கட்டறப்ப உனக்கு வயிறு எரியும். எரியறது நாயந்தான். ஏன்னா இந்த ஏரோப்பிளேனைப் பெத்ததே சைக்கிள் கடை. என்னடா சிரிக்கறே? எங்க பள்ளிக்கூட வாத்தியார் சொல்லி, அதைப் படமாவே வரைஞ்சு என்ற கடைச் செவுத்துல மாட்டியிருந்தேன். அமெரிக்காவுல டேட்டன்னு ஒரு ஊரு. ரைட்டுன்னு அண்ணன் தம்பி ரெண்டு பேரு. 1892ல சைக்கிள் கடை போட்டாங்க. ரிப்பேர் பாத்தாங்க, வித்தாங்க, அப்பறம் சொந்தமாவே செஞ்சாங்க. 1901ல எறக்கையை எப்புடி வளைச்சா காத்து தூக்கும்னு பாக்கறதுக்கு, சைக்கிள் ஹேண்டில்பாருக்கு முன்னால மூணாவதா ஒரு சக்கரத்தைப் படுக்க வெச்சு மாட்டி, அதுல துண்டு எறக்கையைக் கட்டி, ரோட்டுல மிதிச்சுக்கிட்டுப் போனாங்க. பாத்தவன் கிறுக்கனுகன்னுதான் சொல்லியிருப்பான், உன்னைய உன்ற அம்மா சொல்றாளே அதுமாதிரி. 1903 டிசம்பர் 17ந் தேதி மொத மொதல்ல பறந்தப்பக்கூட இஞ்சின்லருந்து வெசிறியைச் சுத்தினது செயினும் பல்சக்கரமுந்தான். 12 நொடி, 120 அடி. நம்மூட்டு வாசல்லருந்து மாட்டுச் சாளைக்குப் போற தூரம். அந்த வம்சத்துல வந்த ஏரோப்பிளேன் இன்னைக்குப் பெத்த ஆத்தாக்கிட்டயே டிக்கெட்டு கேக்குது. கலிகாலம்னு சொல்லிப்போட்டுக் காசைக் கட்டு.

செரி, எடைக்கு வருவோம். உள்நாட்டுல சாதாரண டிக்கெட்டுக்குப் பெரும்பாலும் 15 கிலோதான் உடறாங்க. உன்ற சைக்கிள் ஒன்பது கிலோ. அட்டைப் பொட்டி மூணு நாலு கிலோ. மிச்சம் ரெண்டுல துணிமணியா, சாமானா? உன்ற சிநேகிதன் ஒருத்தன் கல்லாட்டம் பிளாஸ்டிக் பொட்டி வாங்கியிருக்கறானே, அது பாதுகாப்புத்தான், இல்லைங்கல. ஆனா காலிப் பொட்டியே பத்துக் கிலோவுக்கு மேல நிக்குது. சீதனத்தைவிடப் பீரோ கனம். உனக்கு அட்டையே போதும். சைக்கிள் கடைக்காரன்கிட்டப் புதுச் சைக்கிள் வந்த காலிப் பொட்டியைக் கேட்டா சும்மாவே குடுத்துருவான், இல்லைன்னா டீக்காசு குடு. கட்டி முடிச்சப்பறம் தேங்காய் போடற தராசுல தூக்கி வெச்சுப் பாத்துரு. ஒரு பொட்டி 32 கிலோவைத் தாண்டினா, தூக்கற ஆளுக இடுப்பு ஒடியும்னு எச்சுக் காசு குடுத்தாக்கூட எடுக்க மாட்டாங்க.

இதுல ஒரு வேடிக்கை பாரு. சைக்கிள்ல நூறு கெராம் கொறைக்கறதுக்கு நீ பத்தாயிரம் செலவு பண்ணினே. இந்தத் தீவாளிக்கு அம்மிச்சி கைமுறுக்குல உனக்கு ரெண்டு கிலோ ஏறியிருக்குது. அதைய எந்தத் தராசுலயும் போட மாட்டாங்க. பொட்டியில கால் கிலோ எச்சுன்னா மட்டும் உன்னைய ஓரமா நிக்கச் சொல்லுவாங்க.

நான் கட்டி ஏத்தின கதை ஒண்ணு சொல்றேன் கேளு. அப்ப எனக்கு உன்ற வயசு. கோயமுத்தூர்ல பழைய ராலே சைக்கிள் ஒண்ணு வாங்கி, பஸ்ஸு டாப்புல ஏத்திக்கிட்டு வந்தேன். லக்கேஜ் டிக்கெட்டு போட்டாச்சு. டாப்புல ஏறின கிளீனர் நல்ல மனுசன். தேங்காய் நார்க் கவுறு போட்டுப் பக்குவமா, தாலி கட்டறாப்ல கட்டினான். நான் கீழ நிம்மதியாத் தூங்கிட்டேன். கெணத்துக்கடவு தாண்டி ஆரோ ஒருத்தன் அவனோட உர மூட்டையை எறக்கோணும்னு, கவுத்தை அவுத்து, என்ற சைக்கிளை ஓரமாத் தூக்கிப் போட்டு, மூட்டையை எறக்கிக்கிட்டுப் போயிட்டான். ஊரு வந்து பாத்தா முன்சக்கரம் அப்பளமாட்டம் கெடக்குது. கட்டின கிளீனர் மேல ஒரு தப்புமில்லை. அன்னைக்குத்தான் எனக்குப் புத்தி வந்துது. ஏத்தறவன் வேற, எறக்கறவன் வேற. ஏத்தறவன் நல்லவன்னு நம்பிக் கட்டாதே, எறக்கறவன் அவசரக்காரன்னு நெனைச்சுக் கட்டு. ஏரோப்பிளேன்ல இன்னும் மோசம். நடுவுல எத்தனை கை மாறுதுன்னு எண்ணவே முடியாது. ஒருத்தனையும் நீ மூஞ்சியப் பாக்கப் போறதில்லை.

ம், இப்பக் கழட்டு. பெடலை மொதல்ல. 15 நம்பர் ஸ்பேனரு. ஏன் மூச்சைப் புடிக்கறே? வலது பெடல் எல்லாரும் திருப்பறாப்ல திருப்பினாக் கழண்டுரும். எடது பெடலுக்கு மரை தலைகீழ். மிதிக்க மிதிக்க அது தானாக் கழண்டுக்கக் கூடாதுன்னு அப்புடி வெச்சிருக்கறான். அதைய மறந்துபோட்டு இறுக்கற பக்கமே முக்கி முக்கித் திருப்பி, மரையைத் தின்னு போட்டு, கடைசியில என்ற கடைக்கு வந்த பெரிய மனுசனுக எத்தனை பேரு தெரியுமா! படிச்சவன்தான் அதிகம் வருவான். படிக்காதவன் ஒருக்காக் கேட்டுக்குவான்.

சீட்டுக் கம்பியைக் கழட்டறதுக்கு முந்தி அது எது வரைக்கும் உள்ள இருக்குதுன்னு ஒரு டேப்பு ஒட்டி அடையாளம் பண்ணு. இல்லைன்னா அங்க போயி ஒரு நாள் ஒசரம், ஒரு நாள் தாழ்வுன்னு வெச்சுப் பாத்து முழங்கால் வலிதான் மிச்சம். பின்னால தொங்குதே, டிரெயிலர்ங்கறியே, அந்தக் கியரைத் தொங்க உட்டுக் கொண்டுபோனே, அது மாட்டியிருக்கற காது ஒரு இடியில வளைஞ்சுரும். அப்பறம் நீ நாலாவது கியர் போட்டா அது அஞ்சுக்கும் ஆறுக்கும் நடுவுல நின்னு பாட்டுப் பாடும். அதைக் கழட்டிப் பழைய பனியன்ல சுத்தி, ஃபிரேமுக்குள்ள கட்டிப்போடு. அந்தக் காது ரவ்வோண்டு சாமான், ஒண்ணு எச்சா வாங்கி வெச்சுக்க. லேவுல உன்ற சைக்கிளுக்குச் செரியா அதே காது கெடைக்கும்னு நெனைக்காதே.

முன்சக்கரத்தைக் கழட்டினதும் ஃபோர்க்கு ரெண்டு காலும் அந்தரத்துல நிக்குது பாரு. மேல ஒரு மூட்டை உழுந்தா ரெண்டும் ஒட்டிக்கும். நடுவுல முட்டுக் குடுக்கறதுக்குன்னே பிளாஸ்டிக் கட்டை புதுச் சைக்கிளோட வரும். கடைக்காரன் குப்பையில போட்டிருப்பான், பொட்டி கேக்கறப்பவே அதையும் கேட்டு வாங்கிக்க. டிஸ்க்குத் தட்டு ரெண்டையும் கழட்டித் தனியா அட்டைக்கு நடுவுல வெய்யி. அது வளைஞ்சா அப்பறம் சக்கரம் சுத்தறப்பெல்லாம் சட்னி அரைக்கற சத்தந்தான். அய்யய்யோ, பிரேக்கைப் புடிக்காதே! தட்டு இல்லாதப்பப் புடிச்சா உள்ள இருக்கற பேடு ரெண்டும் ஒட்டிக்கும். நடுவுல மடிச்ச அட்டை ஒண்ணு சொருகி வெய்யி.

ஹேண்டில்பாரு புடிச்சிருக்கற மூடியைக் கழட்டு. அலன் கீயைப் பாத்து மெதுவாத் திருப்பு. போல்ட்டையெல்லாம் இந்தத் துண்டு மேல, என்ற பக்கத்துல வெய்யி. எண்ணி வெக்கோணும் கண்ணு. என்ற கடையில வேலைக்குச் சேர்ற பொடுசுகளுக்கு மொதப் பாடமே அதுதான். கழட்டறதை எண்ணு, மாட்டறதை எண்ணு, ரெண்டும் ஒண்ணா இருக்கோணும். அட, அங்க பாரு, வேலி மேல மயிலு! போயிருச்சா? செரி, செரி, நீ வேலையைப் பாரு.

சக்கரத்துல காத்தைப் பூரா எறக்கறியே, எதுக்கு? மேல போனா டியூபு வெடிச்சுருமா? ஆரு சொன்னா? ஏரோப்பிளேன் வயித்துல சாமான் வெக்கற எடத்துலயும் நீ உக்கார்ற எடத்துல இருக்கற காத்தழுத்தந்தான். அதுக்குள்ளதான் கூண்டுல நாய்க்குட்டி எல்லாம் போகுது. நாய் உசுரோட எறங்குது, உன்ற ரப்பர் டியூபு செத்துருமா? எவ்வளவு ஒசரம் பறந்தாலும் உள்ள எட்டாயிரம் அடி மலை மேல நிக்கற மாதிரிதான் காத்து இருக்கும். 80 பவுண்டு காத்து அடிச்சிருந்தா 84 ஆகும், அம்புட்டுத்தான். அந்த நாலு பவுண்டுக்கு வெடிக்கற டயரை ரோட்டுலயே ஓட்டக் கூடாது.

ஆனா இந்தக் கணக்கைக் கவுண்டர்ல போயி ஒப்பிக்காதே. காத்தை எறக்குங்கன்னு சொன்னாங்கன்னா, "செரிங்க மேடம்"னு பாதியை எறக்கிரு. எங்க காலத்துல டபுள்ஸ் போனாலும் ராத்திரி லைட்டு இல்லாமப் போனாலும் போலீஸ்காரர் வால்வைப் புடுங்கிக் காத்தை உட்டுருவாரு. அவருகிட்ட ஆரு தர்க்கம் பண்ணினோம்? வாங்கிக்கிட்டுத் தள்ளிக்கிட்டே வந்தோம். காக்கிச் சட்டைக்கும் கழுத்துல அட்டை தொங்கறவங்களுக்கும் காத்தைப் புடுங்கறதுல ஒரு சந்தோசம். அதைய நாம கெடுக்கக் கூடாது. பூரா மட்டும் எறக்கிராதே. கொஞ்சம் காத்து இருந்தாத்தான் கீழ போட்டாலும் ரிம்மு அடிபடாது.

என்ன அது கையில, குட்டிக் குட்டியாத் தோட்டா மாதிரி? காத்தடிக்கற கேஸ் குப்பியா? எடுத்து அந்த மாடத்துல வெய்யி. கம்பெனிகிட்ட அனுமதி கிடுமதின்னு ஆயிரம் கேள்வி வரும். ஸ்கேன்ல பாத்தா பொட்டியை ஓரங்கட்டிருவாங்க. கைப்பம்பு ஒண்ணு போதும். ஆண்டவன் தோள்பட்டை எதுக்குக் குடுத்திருக்கறான்? செயினைத் தொடைக்கற ஸ்பிரே டப்பா இருக்குதே, தீப் புடிக்கறது, அதையும் எடு. லடாக்குல செயினுக்கு எண்ணெய் கெடைக்கும்.

போன் சார்ஜ் ஏத்தற பவர் பேங்கு, எச்சு பேட்டரி இதெல்லாம் பொட்டிக்குள்ள போடவே கூடாது, கையில கொண்டுபோற பையிலதான். தீப் புடிச்சா அணைக்கறதுக்கு ஆளு பக்கத்துல இருக்கோணுமில்ல? பேட்டரியில ஓடற சைக்கிள்னா இன்னும் மோசம். 100 வாட் அவர் வரைக்கும் உடுவாங்க, 160 வரைக்கும் கம்பெனியைக் கேட்டு உடுவாங்க, அதுக்கு மேல ஆளு ஏர்ற ஏரோப்பிளேன்ல எடமே இல்லை. பேட்டரிச் சைக்கிளுக்குச் சாதாரணமா 400, 500ன்னு இருக்குது. உன்ற மாமா பேட்டரிச் சைக்கிள்ல லடாக் போறேன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியறான். நான் இந்தச் சங்கதியை அவன்கிட்டச் சொல்லல. டிக்கெட்டு போடட்டும்.

அலன் கீ, ஸ்பேனரு, கத்திரி எல்லாம் பொட்டிக்குள்ள. பாக்கெட்டுல, கைப்பையில எதுவும் கெடக்குதான்னு ரெண்டு தடவை தடவிப் பாரு. செக்கிங்ல புடிச்சாங்கன்னா அது பழனி உண்டியல்ல போட்ட மாதிரி, திரும்பி வராது. ஹெல்மெட்டு, ஷூவு, ஒரு சோடித் துணி கைப்பையில இருக்கட்டும். பொட்டி ஒரு நாள் பிந்தி வந்தாலும் நீ கோவணத்தோட நிக்க வேண்டியதில்லை.

பொட்டியை மூடறதுக்கு முந்தி உள்ள என்னென்ன எப்புடி இருக்குதுன்னு போன்ல படம் புடிச்சுக்க. டேப்பு உருளை ஒண்ணு கைப்பையில வெச்சுக்க. தொறந்து காட்டுங்கன்னு சொன்னாங்கன்னா, மறுபடி ஒட்டறதுக்கு அங்க டேப்பு தேடி அலைய முடியாது. வட்டமாப் பொத்தானாட்டம் எதையோ உள்ள போடறியே, அது இருக்கற எடத்தைப் போன்ல காட்டுமா? செரிதான். நம்ம மாட்டுக்குக் கவுருமெண்டுல 12 நம்பர் போட்டு மஞ்சள் தோடு மாட்டி உட்டாங்க. அதுக்கப்பறமும் அது காட்டை மேயறதை நாந்தான் போயி ஓட்டிக்கிட்டு வர்றேன். தோடு எடத்தைத்தான் சொல்லும், மாட்டை ஓட்டிக்கிட்டு வராது.

பீளமேட்டுக்குக் கொஞ்சம் முன்னாலயே போயிரு. எல்லாப் பொட்டியும் போற பட்டையில உன்ற பொட்டி போகாது. பெரிய சாமானுக்குன்னு ஒரு மூலையில தனி வழி இருக்கும், அதுக்கு ஒரு ஆளைத் தேடிக் கூட்டியாரோணும். ஒடையற சாமான்னு ஒரு ஸ்டிக்கர் ஒட்டுவாங்க. அதுல என்ன படம் போட்டிருக்குதுன்னு பாத்திருக்கறியா? காலு வெச்ச கிளாஸு. அந்தப் படத்தைப் பாத்தா எறக்கறவன் ஒடையற சாமான்னு நெனைப்பானா, உள்ள வேற சரக்கு இருக்குதுன்னு நெனைப்பானா? இருந்தாலும் ஒட்டிக்க. "நாய் ஜாக்கிரதை" பலகையைப் பாத்துக் களவாணி போறதில்லை, ஆனா ஊட்டுக்காரனுக்குத் தூக்கம் வரும்.

அப்பறம் ஒரு சீட்டை நீட்டிக் கையெழுத்துக் கேப்பாங்க. பொட்டிக்கு என்ன ஆனாலும் எங்க பொறுப்பில்லைன்னு இருக்கும். போட்டுத்தான் ஆகோணும், போடலைன்னா ஏத்த மாட்டாங்க. காசை வாங்கிக்கிட்டு ரசீதுக்குப் பதிலாக் கைகழுவற தண்ணி குடுக்கறது அங்க மட்டுந்தான். போடறதுக்கு முந்தி பொட்டி நல்லா இருக்கறதை நாலு பக்கமும் படம் புடி. இன்னொண்ணும் தெரிஞ்சுக்க. உள்நாட்டுல சாமான் போனாலும் ஒடைஞ்சாலும் கம்பெனி குடுக்கறதுக்குச் சட்டத்துல வெச்சிருக்கற உச்சம் 20,000 ரூவா. உன்ற சைக்கிள் ஒன்னரை லட்சம். அந்த 20,000ல உன்ற முன்சக்கரம் வருமா? அதுக்குத்தான் சொல்றேன். இன்சூரன்ஸ் போட்டா போட்டுக்க. ஆனா இந்தப் பழைய பனியனும் பைப்புக்குச் சுத்தற ஸ்பாஞ்சும் நீ முட்டுக் குடுத்த கட்டையுந்தான் உன்னோட நெசமான இன்சூரன்ஸு.

லேவுல எறங்கினதும் பொட்டியைத் தூக்கிக்கிட்டு வாசலுக்கு ஓடாதே. அங்கயே ஓரமா வெச்சுச் சுத்திப் பாரு. ஓட்டை, நசுங்கல் எது இருந்தாலும் தொறந்து பாத்து, அங்க இருக்கற ஆளுகிட்ட எழுத்துல குடுத்து நகல் வாங்கிக்கிட்டுத்தான் வெளிய வரோணும். வாசலைத் தாண்டிட்டா "இங்க இருந்தப்ப நல்லாத்தான் இருந்துது"ம்பாங்க. சம்பந்தி ஊட்டுல பாத்திரம் கடன் வாங்கின கதைதான்.

பொட்டியைக் கிழிச்சு எறிஞ்சுராதே. இதுதான் எல்லாரும் கோட்டை உடற எடம். போறப்ப இருந்த அக்கறை வர்றப்ப இருக்காது. திரும்பி வர்றதுக்கு அந்தப் பொட்டி வேணுமில்ல? தங்கற எடத்துக்காரன்கிட்ட நல்லாப் பேசி, மடிச்சுக் கட்டுலுக்கு அடியில போட்டு வெய்யி. இங்கருந்து ஒரு பொட்டலம் தேங்காய் பர்பி கொண்டுபோயிக் குடு. நம்மூரு இனிப்பு சாப்பிட்டவன் உன்ற அட்டையைக் குப்பையில போட மாட்டான்.

பொட்டியைப் பிரிச்சதும் ஏறி மிதிக்கோணும்னு கால் துறுதுறுங்கும். மிதிக்காதே. லே ஏரோப்பிளேன் நெலையமே 3,256 மீட்டர் ஒசரம். நம்ம ஊட்டியைவிட ஒரு மலை எச்சு. காலையில கோயமுத்தூர் காத்தைக் குடிச்சவன் அடுத்த நாள் அங்க நின்னா மூணுல ரெண்டு பங்கு காத்துதான் கெடைக்கும். ரெண்டு நாளைக்குத் தண்ணியைக் குடிச்சுக்கிட்டு, மெல்ல நடந்துக்கிட்டு, சும்மா இரு. சைக்கிளைப் பொறுமையா மாட்டறதுக்குன்னே சாமி குடுத்த ரெண்டு நாள்னு வெச்சுக்க. அப்பறம் கர்துங் லா போறியா, 39 கிலோமீட்டர் ஏத்தம். அங்க இருந்த பழைய பலகையில 18,380 அடின்னு எழுதியிருந்துதாம், அளந்து பாத்தவங்க 5,359 மீட்டர்ங்கறாங்க. அதாவது எண்ணூறு அடி கொறைவு. எண்ணூறு அடி பொய் சொன்ன பலகை முன்னால நின்னுதான் எல்லாரும் போட்டோ புடிச்சுக்கிட்டாங்க. இப்ப இருக்கற பலகை முன்னால நீயும் புடிச்சுக்க. அங்க காத்து பாதிக்குப் பாதிதான், வியூ மட்டும் ரெண்டு மடங்கு தெரியும்.

என்ன, டேப்பு ஒட்டியாச்சா? அதுக்குள்ளயா? கெட்டிக்காரன். போல்ட்டெல்லாம் டப்பாவுல போட்டுக் கட்டினியே, எண்ணிப் பாத்தியா? எண்ணினேங்கறே. ஹேண்டில்பாரு மூடிக்கு எத்தனை? நாலா? டப்பாவைத் தொற. கொட்டு. ஒண்ணு, ரெண்டு, மூணு.

தேடு, தேடு. திண்ணைக்கடியில பாரு. கோழி கொத்திக்கிட்டுப் போயிருக்கும். அம்மிச்சியைக் கேளு.

ஏங் கண்ணு, வேலி மேல மயிலுன்னேனே, நீ பாத்தப்ப அங்க மயிலு இருந்துச்சா?

இந்தா, என்ற சுருக்குப்பையில பாக்கோட பாக்காக் கெடக்குது பாரு. மூஞ்சியத் தூக்காதே. டில்லியில பொட்டியைத் தொறந்து பாக்கறவன் மயிலு காட்ட மாட்டான், பேசாம மூடிருவான். கர்துங் லா எறக்கத்துல ஹேண்டில் கையோட வந்தப்பறம்தான் உனக்குக் கணக்கு வெளங்கும். நடுவுல எத்தனை கை மாறினாலும் செரி, இந்தப் பக்கம் கழட்டினவனும் அந்தப் பக்கம் மாட்டறவனும் நீ ஒருத்தன்தான். உன்ற கைக்குத் தெரியாத சாமானை ஆகாசத்துல அனுப்பாதே.

டேப்பைப் பிரி. பொழுதாகறதுக்குள்ள எல்லாத்தையும் மாட்டி, இந்த வாசல்ல ஒரு சுத்து ஓட்டிக் காட்டு. அப்பறம் மறுபடி கழட்டு. அப்பிச்சி பொட்டாட்ட உக்காந்து பாத்துக்கிட்டிருக்கேன்.